பள்ளிக்கூடம் திறக்கலாமான்னு கூட்டம் போட்டா, போறதுக்கு முன்னாடி இத ஒருக்கா படிங்க

கேரளாவுல நிபா வைரஸ்னு ஒரு நியூஸ் வந்தாலே பார்டர்ல இருக்குற களியக்காவிளையில செக்கிங் ஆரம்பிச்சுடும், அன்னைக்கு ராத்திரியே நம்ம ஸ்கூல் வாட்சப் குரூப்புல "நாளைக்கு லீவா"ன்னு மெசேஜ் ஓடும். 2023 செப்டம்பர்ல கோழிக்கோட்டுல ஸ்கூல் காலேஜ் எல்லாம் மூடினப்பவும் இங்க அந்தப் பேச்சுதான். கொரோனா ஓஞ்சு போச்சு, ஆனா அது மாதிரி ஒண்ணு இனி வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல்ல. அதனால அடுத்த தடவ பள்ளிக்கூடம் மூடி, "திறக்கலாமா, உங்க கருத்து என்ன"ன்னு பெத்தவங்கள கூப்பிடுற நாள் வந்தா நாம என்ன கேக்கணும், எப்படி பேசணும், வீட்டுல எப்படி முடிவு எடுக்கணும்னு 2020லயிருந்து 2022 வரைக்கும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பட்டத வச்சு எழுதுறேன். அரசு ஸ்கூல், எய்டட், மெட்ரிக், எதுல உங்க பிள்ள படிச்சாலும் இதுல பாதிக்கு மேல உங்களுக்கு ஆகும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், எனக்கு இதுல உறுதியான கருத்து இருக்கு. திறக்கணுமா வேண்டாமான்னு கை தூக்கச் சொன்னா அந்தக் கூட்டம் சண்டையிலதான் முடியும். "எப்படி திறப்பீங்க, எது நடந்தா மறுபடி மூடுவீங்க, வராத பிள்ளைக்கு என்ன செய்வீங்க" இந்த மூணையும் எழுத்துல வாங்குறதுதான் நம்ம வேலை.

ஏன்னு கேட்டா நடந்தத பாருங்க. 2020 மார்ச்சுல மூடினாங்க. நவம்பர் 9ம் தேதி ஸ்கூல் ஸ்கூலா பெத்தவங்கள கூப்பிட்டு கருத்து கேட்டாங்க, 16ம் தேதி 9 முதல் 12 வரைக்கும் திறக்குறதா இருந்தது, அத தள்ளி வச்சுட்டாங்க. 2021 ஜனவரில திரும்பவும் கேட்டு 19ம் தேதி 10க்கும் 12க்கும் திறந்தாங்க, பிப்ரவரி 8ல 9, 11. மார்ச் 22ல பிளஸ் டூவ தவிர மத்தவங்களுக்கு மறுபடி மூடியாச்சு. அப்புறம் செப்டம்பர் 1ல 9 முதல் 12, நவம்பர் 1ல சின்ன வகுப்புங்க, 2022 ஜனவரில ஒமிக்ரானுக்காக திரும்ப மூடி பிப்ரவரி 1ல திறந்தாங்க. இவ்வளவு தடவ திறந்து மூடினதுல நம்மகிட்ட கேட்டது "சம்மதமா இல்லையா"ன்னு ஒத்த வரி. மூடுறதுக்கும் ஒரு முறை வேணும்னு அப்போ யாரும் யோசிக்கல்ல, அதுதான் பிள்ளைங்கள ரொம்ப அலைக்கழிச்சுது.

கூட்டத்துக்கு முன்னாடி செய்ய வேண்டியது

வாட்சப் குரூப்புல விவாதத்த ஆரம்பிக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். ஒருத்தர் "என் பிள்ளைய பலி குடுக்க மாட்டேன்"ன்னு போடுவாரு, இன்னொருத்தர் "வீட்டுல வச்சு வெளங்காம போகணுமா"ன்னு போடுவாரு, அதோட ரெண்டு குடும்பமும் கோயில்லயும் கடையிலயும் மூஞ்சி குடுத்துப் பேசாது. குரூப்புல கூட்டத்தோட தேதி, நேரம், இடம், அது மட்டும் போதும். மத்தத போன் போட்டுக் கேளுங்க. ஒரு வகுப்புக்கு ரெண்டு அம்மாமாரு சேந்தா ஒரு சாயங்காலத்துல எல்லா வீட்டுக்கும் போன் போட்டுடலாம். கேக்க வேண்டியது இவ்வளவுதான்: வீட்டுல வயசானவங்க, சுகர், கிட்னி, கேன்சர் ட்ரீட்மெண்ட்டுன்னு யாராவது இருக்காங்களா, பிள்ள எப்படி ஸ்கூலுக்கு வரும், வீட்டுல போன் யாரு கையில இருக்கு, பகல்ல பிள்ளைய யாரு பாத்துக்கிடுறாங்க. பதில்கள பேர் போடாம எண்ணிக்கையா எழுதி கூட்டத்துக்கு கொண்டு போங்க. யாரு வீட்டுல என்ன சீக்குன்னு சபையில சொல்லவே கூடாது.

இந்த போன் மூலமாதான் உண்மை தெரிய வரும். பேச்சிப்பாறை மேல இருக்குற காணி பழங்குடி குடியிருப்புகள்ல பல இடத்துல சிக்னலே இல்ல, அங்க ஆன்லைன் கிளாஸ்னு சொல்றதுக்கு அர்த்தமே கிடையாது. தூத்தூர், வள்ளவிளை பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போயிட்டா வர வாரக்கணக்குல ஆகும், இருக்குற ஒரே போனும் அவரு கூடவே போயிடும். அம்மா முந்திரி ஆலைக்குப் போற வீட்டுல எட்டாவது படிக்குற பொம்பளப் பிள்ளதான் சமையலும் தம்பிய பாக்குறதும், அந்தப் பிள்ளைக்கு கல்வி தொலைக்காட்சில பாடம் ஓடுற நேரமும் அடுப்புல சோறு கொதிக்குற நேரமும் ஒண்ணு. அதே தெருவுல இன்னொரு வீட்டுல பாட்டாவுக்கு வாரத்துல ரெண்டு டயாலிசிஸ் இருக்கும், வீட்டுக்குள்ள ஒரு கிருமி வந்தா அவரு தாங்க மாட்டாரு. "திற"ன்னு சொல்றவங்களும் "திறக்காத"ன்னு சொல்றவங்களும் பிள்ளைய நினைச்சு, வீட்ட நினைச்சுத்தான் சொல்றாங்க. இத மனசுல வச்சுக்கிட்டு கூட்டத்துக்குப் போனா பாதி சண்டை குறையும்.

கூட்டத்தோட நேரத்தப் பத்தியும் பேசணும், இது சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. வேலை நாள்ல காலைல பத்து மணிக்கு வச்சா யாரு வருவா? ரப்பர் பால் வெட்டப் போறவங்க விடியறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போயி, வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடிச்சு முடிக்க உச்சை ஆயிடும். முந்திரி ஆலைக்குப் போற அம்மாமாருக்கு சாயங்காலம்தான் ஓய்வு. கடப்புறத்துல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சப்புறம் வச்சா ஆளு இருப்பாங்க. கூட்டத்துக்கு வர முடியாதவங்களோட பிள்ளைக்குத்தான் ஸ்கூல் மூடினா நஷ்டம் அதிகம், அவங்க இல்லாம எடுக்குற முடிவு அரைகுறைதான். ஹெச்எம்கிட்ட முன்னாடியே போயி "சாரே, ரெண்டு நேரமா வைங்க, ஒண்ணு உச்சைக்கு மேல, இன்னொண்ணு ஆறு மணிக்கு"ன்னு கேளுங்க. தனியா கேக்காம நாலு பேரா போனா மறுக்க மாட்டாங்க.

யாரு மூலமா கேக்கணும்? அரசு, எய்டட் ஸ்கூல்னா பள்ளி மேலாண்மைக் குழு, அதான் எஸ்எம்சி. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல வந்தது, அதுல முக்கால்வாசி பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேரு பெண்களா இருக்கணும். நம்ம ஊர்ல பலருக்கு அதுல தான் மெம்பர்னே தெரியாது. தனியார் ஸ்கூல்னா பெற்றோர் ஆசிரியர் கழகமும் (பிடிஏ) பிரின்சிபாலும். எதுவா இருந்தாலும் மினிட்ஸ் புக்குல பேச்சு ஏறணும், வாயால சொன்னது மறுநாள் காத்துல போயிடும்.

முதல் கேள்வி: இந்த நோய் எப்படி பரவுது, யார அடிக்குது

கொரோனாவுல கத்துக்கிட்டத அப்படியே அடுத்த நோய்க்கு தூக்கிப் போடாதீங்க. கொரோனா காத்துல பரவுச்சு, பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் லேசா வந்து போச்சு, வீட்டுல இருக்குற வயசானவங்கள அடிச்சுது. ஃப்ளூ வந்தா சின்னப் பிள்ளைங்களையும் சேத்து அடிக்கும். நிபா வந்தா அது நோயாளிய ரொம்ப கிட்ட இருந்து பாத்துக்கிடுறவங்களுக்கும், வவ்வால் கடிச்ச பழம் மூலமாவும் வரக்கூடியது, அங்க ஜன்னல விட "ஸ்கூல் காம்பவுண்டுல விழுற பழத்த பிள்ளைங்க எடுத்து திங்காம யாரு பாத்துக்கிடுறது"ங்கறதுதான் கேள்வி. அதனால உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையோ ஹெல்த் இன்ஸ்பெக்டரையோ கூட்டத்துக்கு ஒரு கால் மணி நேரம் வரச் சொல்லுங்க, முதல்ல அவங்க பேசட்டும், அப்புறம் நாம பேசலாம். அரசு ஹெல்த் ஹெல்ப்லைன் 104க்கு போன் போட்டும் கேக்கலாம்.

இனி நான் எழுதுறது கொரோனா மாதிரி காத்துல பரவுற நோய வச்சு.

வகுப்பறைய நேர்ல போயி பாருங்க

2021ல கேட்டுக்கு முன்னாடி தெர்மல் ஸ்கேனர், கையில சானிடைசர், சத்து மாத்திரை, இதெல்லாம் இருந்துச்சு. காய்ச்சல் இல்லாமலே கிருமி பரப்புற நோய ஸ்கேனர் பிடிக்காது. கை கழுவுறது நல்லது, அத விடக்கூடாது, ஆனா நாப்பது பிள்ளைங்க ஆறு மணி நேரம் ஒரே ரூமுல மூச்சு விடுறாங்களே, அந்தக் காத்து எங்க போகுதுங்கறதுதான் பெரிய கேள்வி. அதுக்கு ரூமுக்குள்ள போயி நிக்கணும்.

ஒரு டேப் எடுத்துட்டு போங்க. இருபதுக்கு இருபது அடி ரூமுன்னு வைங்க, டீச்சர் நிக்க முன்னாடி ஏழு எட்டு அடி விட்டா மிச்சம் பன்னெண்டு அடிச்சில்லறை. ஆறடி இடைவெளில பிள்ளைங்கள உக்கார வச்சா குறுக்க நாலு, பின்னாடி மூணு வரிசை, ஆக பன்னெண்டு பிள்ளைங்க. 2021 ஜனவரில ஒரு வகுப்புக்கு 25 பேருக்கு மேல கூடாதுன்னு உத்தரவு, ஆனா 25 பேர இந்த ரூமுல உக்கார வச்சா இடைவெளி மூணு மூணரை அடிதான் வரும். தப்புன்னு சொல்ல வரல்ல, காத்தோட்டம் நல்லா இருந்தா, மாஸ்க் இருந்தா, மூணடியும் சமாளிக்கலாம். ஆனா "ஆறடி விட்டு உக்கார வைப்போம்"னு சொல்லிட்டு பெஞ்சுக்கு மூணு பேருன்னு வைக்கக் கூடாது. நோட்டுல ரூமோட நீளம், அகலம், பெஞ்சு எண்ணிக்கை, பிள்ளைங்க எண்ணிக்கைய எழுதிட்டு வந்தீங்கன்னா அத வச்சு யாரும் சண்டை போட முடியாது.

அடுத்தது ஜன்னல். எத்தனை ஜன்னல் இருக்குன்னு எண்ணாதீங்க, எத்தனை திறக்குதுன்னு எண்ணுங்க. பின் பக்க ஜன்னல மறைச்சு பீரோ வச்சிருப்பாங்க, ஒண்ணுல கொண்டி துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கும், இன்னொண்ணுல குரங்கு வருதுன்னு பலகை அடிச்சிருப்பாங்க. ஒரு ஊதுபத்திய ரூமு நடுவுல கொளுத்தி வைங்க, பேன ஆஃப் பண்ணிட்டு கதவு ஜன்னல் எல்லாம் திறந்து விட்டுட்டு புகையப் பாருங்க. புகை ஒரு பக்கமா சாஞ்சு ஜன்னல் வழியா வெளிய போச்சுன்னா காத்து ஓடுது. நேரா மேல போயி ஓட்டுல முட்டி அங்கேயே தொங்கிக்கிட்டு நின்னா அந்த ரூமுல பிள்ளைங்க விட்ட மூச்சும் அப்படித்தான் நிக்கும். அப்புறம் பேன போட்டுப் பாருங்க, புகை ரூமு முழுக்க பரவும், ஆனா வெளிய போகாது. பேன் காத்த கலக்குமே தவிர மாத்தாது, எதிரெதிர் ஜன்னல் திறந்திருந்தாதான் மாறும். எதிர் ஜன்னல் இல்லாத ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேளுங்க, பழைய மாணவர் சங்கத்துக்கு அது ஒரு பெரிய செலவு இல்ல.

முடிஞ்சா ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கச் சொல்லுங்க, சில ஆயிரம் ரூபாய்க்கு கிடைக்கும், ஒண்ணு வாங்கி நாலஞ்சு ஸ்கூல் மாத்தி மாத்தி வச்சுக்கிடலாம். பிள்ளைங்க விட்ட மூச்சு ரூமுல எவ்வளவு தேங்கி நிக்குதுன்னு அதுல தெரியும். வெளிக்காத்துல 420 பிபிஎம் கிட்ட காட்டும். பிள்ளைங்க இருக்குற ரூமுல ஆயிரத்துக்குக் கீழ நின்னா பரவாயில்ல, 800னா இன்னும் நல்லது. ஜன்னல சாத்தி நாப்பது பேரு இருந்தா ரெண்டாயிரத்த தாண்டும். நம்பர் கண்ணால பாத்தா ஹெச்எம்மும் வாதாட மாட்டாரு.

இங்கதான் நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு பிரச்சினை இருக்கு. சென்னைல இருந்து வர்ற உத்தரவுல "ஜன்னல்களைத் திறந்து வைக்கவும்"னு இருக்கும். நமக்கு ரெண்டு மழ. ஜூன்ல ஆரம்பிச்சா தென்மேற்கு, அது ஓஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள வடகிழக்கு. 2021 நவம்பர் 1ல சின்னப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம் ஆகல்ல, பேய் மழ பெஞ்சு மாவட்டம் பூரா வெள்ளக்காடாச்சு. சாரல் அடிக்கும்போது எந்த டீச்சரும் ஜன்னல சாத்தத்தான் செய்வாங்க, நோட்டு நனையுமே. அதனால கூட்டத்துல கேக்க வேண்டிய கேள்வி "மழ பெஞ்சா எந்த ஜன்னல் திறந்திருக்கும்". காத்தடிக்குற பக்கம் சாத்திட்டு எதிர்ப்பக்கமும் வராந்தா பக்க கதவும் திறந்து வைக்கலாம், ஜன்னலுக்கு மேல தகர ஷீட்ட ரெண்டடி நீட்டி விடலாம், பெஞ்ச ஜன்னல விட்டு நகத்திப் போடலாம், பிள்ளைங்கள அரை மணிக்கு ஒருக்கா வராந்தாவுல நிறுத்தி ரூமுக்கு காத்து மாற விடலாம். மழ இல்லாத காலை நேரம் மரத்தடி கிளாஸ் நல்ல யோசனை, நம்ம ஸ்கூல்கள்ல மாமரமும் புளியமரமும் நிறைய, முசுறு (கடிக்குற சிவப்பு எறும்பு) கூடு இல்லாத மரமா பாத்து சின்ன வகுப்புங்கள உக்கார வைக்கட்டும்.

கட்டடத்தையும் விடாதீங்க. மாசக்கணக்குல பூட்டிக் கிடந்த ஸ்கூல்ல தண்ணி டேங்க்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, கக்கூஸ்ல பாம்பு இருக்கும், ஓட்டுக்கு அடில கடந்தை கூடு கட்டியிருக்கும். 2021 டிசம்பர்ல திருநெல்வேலில ஒரு ஸ்கூல் கழிப்பறை சுவர் இடிஞ்சு மூணு பையன்மாரு செத்துப் போனாங்க, அத நினைச்சா இப்பவும் வயிறு பதறுது. கொரோனாவுக்கு பயந்து வீட்டுல வச்சு காப்பாத்தின பிள்ளைய சுவத்துக்கு குடுக்க முடியுமா? திறக்குறதுக்கு முன்னாடி பொதுப்பணித்துறை இன்ஜினியரோ ஒன்றியத்து இன்ஜினியரோ வந்து பாத்து கையெழுத்துப் போட்டாச்சான்னு கேளுங்க, அந்த பேப்பர காட்டச் சொல்லுங்க.

சாப்பாடு, பஸ்

வகுப்புல எவ்வளவு பாத்து உக்கார வச்சாலும் மாஸ்க்க கழட்டுற நேரம் சாப்பாட்டு நேரம்தான். எல்லா பிள்ளைங்களும் ஒரே நேரத்துல தட்டோட வரிசைல நின்னு, ஒரே ஹால்ல உக்காந்து, கத்திப் பேசி சாப்பிட்டா காலைல பட்ட பாடெல்லாம் வீண். ரெண்டு பேட்சா பிரிச்சு, வராந்தாவுலயும் மரத்தடிலயும் முதுகுக்குப் பின்னாடி முதுக வச்சு உக்கார வைக்கலாம். சத்துணவ நிறுத்தி "வீட்டுல இருந்து கொண்டு வரட்டும்"னு யாராவது சொன்னா விட்டுக் குடுக்காதீங்க. மூடியிருந்த காலத்துல அரிசியும் பருப்பும் வீட்டுக்கு குடுத்தாங்க, உண்மைதான், ஆனா பிள்ளைக்கு சூடா ஒரு நேர சோறும் முட்டையும் கிடைக்குறதும் வீட்டு அரிசிப் பானைல அது கலந்து போறதும் ஒண்ணு இல்ல.

பஸ்ஸ எல்லாரும் மறந்துடுறாங்க. குலசேகரத்துல இருந்து, அருமனைல இருந்து காலைல எட்டரைக்கு வர்ற பஸ்ஸ பாத்திருக்கீங்கல்லா, ஃபுட்போர்டுல தொங்குற கூட்டம். மழ வந்தா ஷட்டர இறக்கி விட்டுடுவாங்க. ஸ்கூல்ல ஆறடி விட்டு உக்காருற பிள்ள பஸ்ஸுல முக்கால் மணி நேரம் நசுங்கி வருது. இதுக்கு வழி, வகுப்பு நேரத்த மாத்துறது. 9, 10 ஒன்பது மணிக்கு, 11, 12 பத்து மணிக்குன்னு வச்சா கூட்டம் பாதியாகும். அத ஸ்கூல் தனியா செய்ய முடியாது, பக்கத்து ஸ்கூல்களோட பேசி, டிப்போ மேனேஜருக்கு எஸ்எம்சி லெட்டர் குடுக்கணும். ஸ்கூல் வேன்னா எத்தனை பேர ஏத்துவீங்கன்னு எழுதி வாங்குங்க. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்குற பிள்ளைங்க நாலஞ்சு பேரா சேந்து நடந்து வரட்டும், ஒரு பெரிய ஆளு கூட வரணும், மாத்தி மாத்தி வந்தா யாருக்கும் பாரம் இல்ல.

பார்டர் பக்கம் இருக்குறவங்களுக்கு கூடுதலா ஒரு தலைவலி. பாறசாலை ஸ்கூல் ஒரு தேதில திறக்கும், களியக்காவிளை ஸ்கூல் வேற தேதில. கேரளாவுல 2021 ஜனவரி 1க்கே 10க்கும் 12க்கும் திறந்துட்டாங்க, இங்க 19. ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைங்க ரெண்டு ஸ்டேட்டுல படிக்குறதுண்டு, டீச்சர்மாரும் அங்கயும் இங்கயும் போய் வர்றவங்க உண்டு. செக்போஸ்ட்டுல பாஸ் கேட்டா டீச்சருக்கும் பிள்ளைக்கும் என்ன ஏற்பாடுன்னு முன்கூட்டியே கேட்டு வைங்க, திறந்த அன்னைக்கு காலைல பாலத்துல நின்னு கேக்க முடியாது.

கூட்டத்துல பேசுறது

முதல்ல பின்னாடி உக்காந்திருக்குறவங்கள பேச விடுங்க. எப்பவும் முன் வரிசைல நாலு ஆம்பளைங்க பேசி முடிச்சுடுவாங்க, அம்மாமாரு வெளிய வந்தப்புறம் கேட்டுல நின்னு பேசுவாங்க, அந்தக் கேட்டுல பேசுறதுதான் உண்மையான கூட்டம். வகுப்பு வாரியா ஒரு அம்மா எழுந்து ரெண்டு நிமிஷம்னு வச்சா எல்லாரோடதும் வந்துடும்.

சொல்ற விதமும் முக்கியம். "டீச்சரே, நான் ஸ்கூல் வேண்டாம்னு சொல்லல்ல, மாமியாருக்கு கீமோ ஓடுது, ஒரு ரெண்டு மாசம் பிள்ள வீட்டுல இருந்தா பாடம் எப்படி குடுப்பீங்க?"ன்னு கேட்டா டீச்சர் யோசிப்பாங்க. "உங்களுக்கு சம்பளம் வந்தா போதும்"னு ஆரம்பிச்சா அதுக்கப்புறம் எதுவும் நடக்காது. டீச்சர்மாரும் வீட்டுல வயசானவங்கள வச்சுட்டுத்தான் வர்றாங்க, அவங்க பயமும் நம்ம பயமும் ஒண்ணுதான்.

தனியார் ஸ்கூல்ல பீஸ் பேச்ச இந்தக் கூட்டத்துல கலக்க விடாதீங்க. 2020 ஜூலைல சென்னை ஐகோர்ட் 40 சதவீத பீஸ் முன்னாடி, ஸ்கூல் திறந்தப்புறம் 35 சதவீதம்னு சொல்லுச்சு. திறக்குற தேதியும் பீஸ் கட்டுற தேதியும் ஒண்ணா கட்டிப் போட்ட மாதிரி ஆயிட்டதால, ஸ்கூல் எது சொன்னாலும் பீஸுக்குத்தான்னு பெத்தவங்க சந்தேகப்பட்டாங்க. பீஸுக்கு தனியா ஒரு நாள் கூட்டம் கேளுங்க, இன்னைக்கு பிள்ளையோட மூச்சப் பத்தி மட்டும் பேசுவோம்னு முதல்லயே சொல்லிடுங்க.

கூட்டம் முடியுறதுக்கு முன்னாடி, மறுபடி மூடுறதப் பத்தி மூணு விஷயம் மினிட்ஸ்ல ஏறியிருக்கணும். ஒரு வகுப்புல ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானா அன்னைக்கே யாரு யாருக்கு சொல்லுவாங்க, அந்த வகுப்பு எத்தனை நாள் மூடும், எத்தனை வகுப்புல வந்தா ஸ்கூல் முழுக்க மூடும். இது இல்லாததால வதந்திதான் ஸ்கூல மூடுச்சு, ஒரு பிள்ளைக்கு சாதா காய்ச்சல் வந்தா அந்தக் குடும்பத்தையே ஊரு ஒதுக்குச்சு. நோய் வந்த பிள்ளையோட பேர வெளிய சொல்லக் கூடாதுங்கறதையும் சேத்து எழுதுங்க.

சம்மதக் கடிதம்

ஸ்கூல் குடுக்குற ஃபார்ம படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இருந்தா, அத அடிச்சு சண்டை போட வேண்டாம், கீழ உங்க கையால ரெண்டு வரி எழுதிச் சேருங்க. இப்படி எழுதலாம்:

"என் மகளை பள்ளிக்கு அனுப்ப சம்மதிக்கிறேன். கூட்டத்தில் ஒத்துக்கொண்டபடி வகுப்பில் 20 பேருக்கு மேல் அமர்த்தாமலும், ஜன்னல்கள் திறந்தும், வகுப்பில் யாருக்கேனும் நோய் உறுதியானால் அன்றே எனக்குத் தெரிவித்தும் நடத்த வேண்டும். இவை நடக்காத நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ள எனக்கு உரிமை உண்டு."

அனுப்ப மாட்டேங்கறவங்களும் லெட்டர் குடுக்கணும், சும்மா நிறுத்திடக் கூடாது. "இன்ன காரணத்தால் இந்த மாதம் அனுப்ப இயலவில்லை, பாடக் குறிப்பும் தேர்வும் வீட்டிலிருந்து செய்ய அனுமதிக்கவும்"னு எழுதி, ஒரு ஜெராக்ஸ்ல ஸ்கூல் சீல் வாங்கிக்குங்க. எட்டாவது வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூல்ல இருந்து நீக்க கல்வி உரிமைச் சட்டத்துல இடமில்ல, அதனால "பேர அடிச்சுடுவோம்"னு யாராவது சொன்னா பயப்படாதீங்க. 14417க்கு போன் போடலாம், அது பள்ளிக்கல்வித் துறையோட ஹெல்ப்லைன். முதன்மைக் கல்வி அலுவலர்கிட்ட மனு குடுக்கலாம், திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல குடுத்தா பதிவு நம்பரோட ரசீது வரும்.

வீட்டுல முடிவு எடுக்குறது

முதல்ல பிள்ளைகிட்ட கேளுங்க. "மக்ளே, ஸ்கூலுக்குப் போக உனக்கு பயமா இருக்கா, இல்ல வீட்டுல இருக்க கஷ்டமா இருக்கா"ன்னு ஒரு நாள் சாவகாசமா கேட்டா, நாம நினைக்காத பதில் வரும். படிப்பு விட்டுப் போனத சொல்ல வெக்கப்பட்டு "கொரோனா பயம்"னு சொல்ற பிள்ளைங்க உண்டு. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாருங்க, நாலாம் வகுப்புப் பிள்ள எழுத்துக் கூட்டித்தான் வாசிக்குதுன்னா திட்டாதீங்க. 2021 அக்டோபர் 27ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சதே இதுக்குத்தான், சாயங்காலம் தெருவுலயே தன்னார்வலர் வந்து சொல்லிக் குடுத்தாங்க. அது மாதிரி ஒண்ணு உங்க தெருவுல வேணும்னு கூட்டத்துலயே கேளுங்க, ஸ்கூல் திறந்தாலும் இல்லைன்னாலும் அது தேவைப்படும்.

அடுத்து வீட்டுல யாருக்கு ஆபத்துன்னு பாருங்க. பாட்டாவும் பாட்டியும் கூட இருந்தா, ஸ்கூல் விட்டு வந்த பிள்ள நேரா அவங்க மடில போயி படுக்குறது வேண்டாம், கொஞ்ச நாளைக்கு வெளித்திண்ணைல ரெண்டு முழம் தள்ளி உக்காந்து கதை கேக்கட்டும். தடுப்பூசி வந்திருந்தா முதல்ல பெரியவங்களுக்கு போடுங்க. பிள்ளைங்களுக்கு ஊசி வர்ற வரைக்கும் காத்திருப்பேன்னு சொல்றவங்க ஒண்ண கணக்குல எடுக்கணும், 15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஊசி வந்தது 2022 ஜனவரி 3ல, 12 வயசுக்கு மார்ச் 16ல. மார்ச் 2020லயிருந்து எண்ணிப் பாருங்க, அவ்வளவு காலம் ஒரு பிள்ள வீட்டுக்குள்ள இருந்தா என்ன ஆகும்னு. அதே நேரம் வீட்டுல கீமோ, டயாலிசிஸ், மாற்று உறுப்புன்னு ஆளு இருந்தா அந்த வீடு காத்திருக்குறது நூத்துக்கு நூறு சரி, அவங்கள யாரும் குறை சொல்லக் கூடாது.

கொரோனால ஒரு விஷயம் பெத்தவங்க தெரிஞ்சு வச்சிருக்கணும், பிள்ளைக்கு லேசா வந்து போனப்புறம் ரெண்டுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள திரும்ப கடுமையா காய்ச்சல் அடிச்சு, உடம்புல தடிப்பு, கண்ணு சிவப்பு, வயித்து வலின்னு வந்தா வீட்டு வைத்தியம் பாக்காம ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு கொண்டு போகணும். அபூர்வமா வர்றதுதான், ஆனா நேரத்துக்குப் போனா பிள்ளைய காப்பாத்திடலாம்.

திறந்தப்புறம் முதல் ரெண்டு வாரம்

ஜன்னல் முதல் நாள் திறந்திருக்கும், பத்தாம் நாள் சாத்தியிருக்கும். பிள்ளைய கொண்டு விடுறப்போ யாராவது ரெண்டு பேரு தினம் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க, குறை இருந்தா டீச்சர்கிட்ட நேர்ல மெதுவா சொல்லுங்க, குரூப்புல போட்டோ போடாதீங்க.

அதோட வராத பிள்ளைங்க லிஸ்ட்ட கையில எடுங்க. எனக்கு ரொம்ப வேதனையான விஷயம் இதுதான். லெட்டர் குடுத்து நிக்குற பிள்ளையப் பத்தி கவலை இல்ல, எந்த லெட்டரும் இல்லாம காணாம போன பிள்ளையத்தான் தேடணும். பத்தாவது படிச்ச பையன் பெயிண்ட் வேலைக்கோ வள்ளத்துக்கோ போயிருப்பான், கையில காசு பாத்துட்டான், திரும்ப யூனிஃபார்ம் போட அவனுக்கு மனசு வராது. பொம்பளப் பிள்ளைக்கு பேசி முடிச்சிருப்பாங்க. டீச்சர் போன் போட்டா எடுக்க மாட்டாங்க, ஆனா கூட படிச்ச பிள்ளையோட அம்மா நேர்ல போயி "ஏன் மைனி, பிள்ள வரல்ல?"ன்னு கேட்டா உக்கார வச்சு பேசுவாங்க. சீருடை சின்னதா போச்சு, பஸ் பாஸ் இல்ல, கடன் இருக்கு, இதுல ஏதாவது ஒண்ணுதான் காரணமா இருக்கும், முக்கால்வாசி ஊரு சேந்தா தீத்துடக் கூடியது. கல்யாணப் பேச்சுன்னோ, 14 வயசு நிறையாத பிள்ளைய வேலைக்கு வச்சிருக்காங்கன்னோ தெரிஞ்சா குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு சொல்லுங்க, சொன்னது யாருன்னு வெளிய வராது.

இந்த லிஸ்ட்ட ரெண்டாவது வாரத்துக்கு மேல தள்ளாதீங்க, ஒரு மாசம் போனா அந்தப் பிள்ளைங்க கைக்கு வர மாட்டாங்க. முதல் கூட்டம் கலையுறதுக்கு முன்னாடியே அடுத்த கூட்டத்தோட தேதிய மினிட்ஸ் புக்குல எழுதி, எந்தத் தெருவுக்கு யாரு போறதுன்னு பேர் போட்டு, ஒரு ஜெராக்ஸ் எடுத்து எஸ்எம்சி தலைவி கையில குடுத்துட்டு வாங்க.